நடுக்கண்ணி

சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று, யாருக்கும் எந்த அவசரமும் இல்லை என்பதுபோல. நீளமான கண்ணாடிக் குழாயில் வெள்ளை வெளேரென்று சிலிக்காப் பொடியை நிரப்பி, அதன் தலையில் தன் சரக்கை ஊற்றி, மேலே கரைப்பானை விட்டு, அடியிலிருக்கிற திருகைக் கால்வாசி திறந்து வைத்துவிட்டு சுகந்தி நின்றிருந்தாள். அம்மா தவறிப்போனதற்கு எடுத்த விடுப்பு முடிந்து இன்றைக்குத்தான் லேபுக்கு வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக வெங்கடாசலபதி சார் அவள் மேஜையருகே வந்து, தொண்டையைச் செருமி, ஏதோ சொல்ல வாயெடுத்து, கடைசியில், "அந்த நாலு லிங்கர்ல மூணாவது மட்டும் பாக்கி இருக்கும்மா, மெதுவா பண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனார். மெதுவாகத்தான் பண்ண முடியும், இந்த வேலையை அவசரப்படுத்த யாராலும் ஆகாது. குழாய்க்குள் சரக்கு தன்பாட்டுக்கு இறங்கும், நல்லது ஒரு வேகத்தில், கழிவு ஒரு வேகத்தில். கீழே டெஸ்ட் டியூபை மாற்றி மாற்றிப் பிடிப்பதுதான் இவள் வேலை. ஆவியை உறிஞ்சுகிற ஹூட்டின் விசிறி தலைக்கு மேலே ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் பாதிதான் கேட்கும், ஆனால் காலையில் கேட்டது மட்டும் முழுசாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓசூரில் கம்பெனி பஸ் வந்து நிற்கிற முக்குக்கு அப்பாவும் கூடவே நடந்து வந்தார். என்றைக்கும் வராதவர். கையில் டிபன் பாக்ஸ், அவரே கிளறிய எலுமிச்சைச் சாதம். பஸ் திரும்புகிற நேரம் பார்த்து, பாக்ஸை அவள் கையில் கொடுக்கிறவர், கொடுக்காமல் பிடித்துக்கொண்டே கேட்டார். "அப்புறம் எதுனா சொன்னாளா பாப்பா?" யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. "சாயங்காலம் சொல்றேன்ப்பா, பஸ் வந்துருச்சு." வந்துவிட்டதுதான், பொய்யில்லை. டிரைவர் ஹாரனும் அடித்தார். ஆனால் ஒரு வார்த்தையில் இல்லை என்று சொல்லியிருக்கலாம், ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், இரண்டையும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் பஸ்ஸைப் பார்க்கவில்லை, தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டியூபை மாற்றினாள். கால்கள். அதை நினைக்க வேண்டாம். வேலையை நினைக்கலாம், வேலை நல்லது. வேலை என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் அவள் ஒரே கதையைத்தான் சொல்லுவாள்: நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு குட்டி அறை, அதற்குள் வேலை செய்கிற புரதங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று கெட்டுப்போய் ஆட்டம் போட ஆரம்பித்தால் நோய். அதே அறைக்குள் குப்பையை அடையாளம் காட்டிக் கழிக்கிறதற்கும் ஒரு ஆள் இருக்கிறார், அவரும் புரதம்தான். ஆனால் அந்தக் கெட்டது இவர் கண்ணில் படுவதில்லை, இருவரும் ஒரே வீட்டில் இருந்தும் சந்தித்துக்கொள்வதில்லை. அதனால் நாங்கள் இரண்டு கை வைத்த ஒரு மருந்து செய்கிறோம். ஒரு கை கெட்டதைப் பிடிக்கும், இன்னொரு கை கழிக்கிறவரைப் பிடிக்கும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அவர் பார்ப்பார், முத்திரை குத்துவார், கெட்டது கரைந்து போகும். "அப்ப நீ எந்தக் கை செய்யறே?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். கை இல்லை சித்தப்பா, இரண்டு கைக்கும் நடுவில் இருக்கிறதே, அந்தச் சங்கிலி, லிங்கர் என்பார்கள், அதைத்தான் செய்கிறேன். "ஓ, நடுவுல இருக்கறதா," என்று சொல்லி அவர் பேப்பரைப் பிரித்துவிட்டார். யாருக்கும் நடுவில் இருப்பதன் அருமை தெரியாது. கைகள் இரண்டும் எந்தக் காலத்திலோ கண்டுபிடித்தாயிற்று, இப்போது மாற்றிப் பார்ப்பதெல்லாம் நடுவைத்தான். சங்கிலியில் ஒரு கண்ணி குறைந்தால் இரண்டும் முட்டிக்கொண்டு விலகும். ஒரு கண்ணி கூடினால் தொளதொளத்து, எதிரெதிரே நின்றும் முகம் பார்க்காது. நீளம் சரியாக இருந்தாலும் வளையாத சங்கிலி ஒன்று, வளைந்து வளைந்து தன்னையே சுற்றிக்கொள்கிற சங்கிலி ஒன்று. அதனால்தான் நாலு நீளத்தில் நாலு. இரண்டு செய்து அனுப்பிவிட்டாள், நாலாவதை அவள் இல்லாத நாட்களில் ஜெபசெல்வி முடித்துக் கொடுத்துவிட்டாள், மூன்றாவது பாதியில் நின்றபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நல்லவேளை, குளிரில் வைத்துவிட்டு ஓடினாள், கெடவில்லை. எத்தனை நாள் கழித்து எடுத்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்பது இந்த வேலையில் மட்டும்தான் போலிருக்கிறது.

அம்மாவும் நீளம் பார்க்கிறவள்தான். ஊருக்கு வெளியே பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டத்தில் காம்பு அளந்து கட்டுகிற வேலை. மேஜை ஓரத்தில் கோடு கிழித்திருப்பார்கள், முதல் கோட்டுக்கு வந்தால் உள்ளூர், மூன்றாவது கோட்டைத் தொட்டால் விமானம் ஏறும். போகப்போக அம்மா மேஜையில் வைப்பதுகூட இல்லை, கையில் எடுத்ததும் தெரியும், இது உள்ளூர், இது வெளிநாடு என்று பிரித்துப் போட்டுக்கொண்டே இருப்பாள். விரல் நுனியெல்லாம் முள் குத்திக் குத்தி, ரேகையே இல்லாமல் போய், ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தால் அது அம்மாவை அம்மா இல்லை என்று சொல்லும். அந்த விரலால்தான் மூக்கிலும் வாயிலும் போட்டிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் தூக்கினாள். இல்லை, அதற்கு இப்போது போக வேண்டாம். ரோஜாவில் இருக்கலாம். தோட்டத்தில் அம்மா எவ்வளவு பேசுவாள் என்று உடன் வேலை செய்கிறவர்கள் துக்கத்துக்கு வந்து சொல்லித்தான் தெரிந்தது. வாய் ஓயாதாம். சிரித்துச் சிரித்து மேஸ்திரியே வந்து அதட்டுவாராம். "உங்கம்மா இல்லாம ஷெட்டே ஊமையாட்டம் கீது," என்று ஒரு அக்கா சொல்லிவிட்டு அழுதாள். கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த அப்பா அதைக் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் இவர்கள் என்பதுபோல.

வீட்டில் அம்மா அப்பாவோடு பேசமாட்டாள், அப்பா அம்மாவோடு பேசமாட்டார். சண்டை இல்லை. சண்டை போடவும் பேச வேண்டுமே. சுகந்தி ஆறாவது படிக்கும்போது, மாமாவுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து இவர்கள் வீட்டுக் கூடத்தில் பெரியவர்களெல்லாம் உட்கார்ந்து தேதி பேசிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டு நிலைப்படியில் நின்ற அம்மா, "அந்தப் புள்ள இன்னும் ஒரு வருசம் படிக்கணும்ங்குதாம், கொஞ்சம் பொறுத்தா என்ன?" என்றாள். கேட்டது அவளுடைய சொந்தத் தம்பியின் கல்யாண விஷயம். அப்பா வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "உன்ன யாரு கேட்டா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பெரிய வார்த்தையா அது? எந்த வீட்டில் சொல்லாத வார்த்தை? அம்மாவும் உள்ளே போய் எல்லாருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே, சத்தம் கூட்டாமல் சொன்னாள்: "சரி. நீங்க கேட்டா பேசறேன். கேக்காம இனி வாய் தெறக்கமாட்டேன்." அவ்வளவுதான். மறுநாள் காலையில், "சுகந்தி, இட்லி வெச்சாச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." அவர் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். சுகந்திக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது, ஓடிப்போய்ச் சொன்னாள். "ரெண்டு போதும்னு சொல்லு பாப்பா." ஓடி வந்து சொன்னாள். அப்படி ஆரம்பித்தது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். என்ன ரத்னா, எதுக்கு இப்படி இருக்கே, என்று ஒரே ஒரு கேள்வி போதும், அம்மாவின் கணக்கில் அது கேட்டதாகிவிடும். அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. இடையில்தான் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்ததே, கேட்காமலே எல்லாம் கிடைத்துக்கொண்டிருந்ததே. சேலத்துக்கு எம்.எஸ்.சி. படிக்கப் போனபோது, இனி இவர்கள் பேசித்தானே ஆக வேண்டும் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. முதல் வாரமே ஹாஸ்டலுக்குப் போன். அப்பா. "பாப்பா, வென்னி வெக்கச் சொல்லு உங்கம்மாவ." கூடத்திலிருந்து சேலத்துக்கு வந்து, சேலத்திலிருந்து அதே வீட்டுச் சமையல்கட்டுக்குப் போகும் அந்த வெந்நீர். ரூமில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், இவளும்தான் சிரித்தாள். சிரிப்புக்கு அடியில் ஒரு பெருமையும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. நான் இல்லாவிட்டால் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் காயாது.

"ஏட்டி!" பக்கத்து ஹூட்டிலிருந்து ஜெபசெல்வி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையுறை போட்ட கையால் இவள் முதுகை இடித்தாள். "டியூப் நிறைஞ்சு வழியப்போவுது, எங்க பாக்க?" சுகந்தி திடுக்கிட்டு மாற்றினாள். "தகடு போட்டுப் பாத்தியா?" போட்டுப் பார்க்க வேண்டும், மறந்தேபோயிற்று. மெல்லிய தகட்டில் ஒவ்வொரு டியூபிலிருந்தும் ஒரு புள்ளி வைத்து, கரைப்பானில் நிறுத்தி, ஏறினதும் எடுத்து ஊதா விளக்கின் அடியில் பிடித்தாள். புள்ளியாகத் தெரிய வேண்டியது வால் விட்டு நீளமாக இழுத்திருந்தது. இந்தச் சங்கிலி வகைக்கு இதுதான் குணம், ஒரே இடத்தில் நிற்காது, போகிற வழியெல்லாம் ஒட்டிக்கொண்டே போகும். ஜெபசெல்வி எட்டிப் பார்த்தாள். "என்ன இழுவை இது, எங்க மாமியா போன்ல பேசுத மாதிரி." சுகந்தி சிரிக்க முயன்றாள். ஜெபசெல்வி உடனே குரலை இறக்கிக்கொண்டாள். "உனக்கு இன்னும் ஒரு வாரம் லீவு கேட்டிருக்கலாம்லா. வீட்டுல அப்பா தனியாத்தானே?" "ம்." "எப்படி இருக்காவ?" எப்படி இருக்கிறார். காலையில் சமையல்கட்டில் நின்று, எண்ணெய் டப்பா எங்கே என்று தெரியாமல், எல்லா டப்பாவையும் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்காரு," என்றாள். "நீ பக்கத்துல இருக்கதான் அவங்களுக்குப் பெலம், பாத்துக்க," என்று சொல்லிவிட்டு ஜெபசெல்வி தன் குடுவைக்குத் திரும்பினாள். எல்லாரும் சொல்வது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் சொன்னார்கள், நீதான்மா அந்த ரெண்டு பேரையும் சேத்து வெச்சிருந்தே. ஸ்காட்லாந்தில் இதே வேலைக்கு ஒரு இடம் கிடைத்து இவள் போகாமல் விட்டதும், வந்த இரண்டு வரன்களைத் தட்டிக் கழித்ததும் அவர்களுக்குத் தெரியும். நான் போனால் இவர்களுக்கு யார்? அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை, பதில் தெரிந்த கேள்வி என்று நினைத்திருந்தாள்.

சரி, சாயங்காலம் என்ன சொல்வது? அதைத்தான் இப்போது செய்ய வேண்டும், இருக்கிற நேரத்தில் ஒன்றைத் தயார் பண்ணிக்கொள்ள வேண்டும். அவளுக்கு இது புதிதில்லை. ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு அப்பா, "இன்னா, இன்னிக்கும் ரசமா?" என்பார். உள்ளே போய் இவள், "ரசம் நல்லாருக்காம்மா," என்பாள். அம்மா அப்பாவின் சட்டையை முகர்ந்துவிட்டு, "பீடி நாத்தம் போகவே மாட்டேங்குது, கருமம்," என்பாள். வெளியே வந்து, "பீடியக் கொறைச்சுக்கணுமாம்ப்பா, அம்மாக்குக் கவலையா இருக்காம்." குறைத்துக்கொண்டார். பாவி, நிஜமாகவே குறைத்துக்கொண்டார். ஒருமுறை மட்டும் அம்மா மாவு கரைத்த கையோடு அவளைத் திரும்பிப் பார்த்து, "உங்கப்பனுக்கு நல்லாருக்குங்கற வார்த்தை வாயில வராதேடி," என்று சொல்லிச் சிரித்தாள், ஆனால் மேலே கேட்கவில்லை. அவளுக்கும் அந்தப் பொய் வேண்டியிருந்தது போல. இரண்டு பேரும் இவள் செய்து கொடுத்த இன்னொரு ஆளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினார்கள். அதே கை, அதே வேலை, கடைசியாக ஒரு தடவை. சின்னதாக: உங்களைக் கேட்டாங்கப்பா. போதாது, அதற்குமேல் என்ன என்று நிற்பார். கொஞ்சம் நீட்டி: நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாங்கப்பா. இது அம்மா சொல்லக்கூடியதுதான், உண்மை மாதிரியே இருக்கும், ஆனால் சாகப்போகிறவள் சொன்னதாக இதைக் கொடுத்தால் அந்த மனுஷன் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இன்னும் நீட்டி: எனக்கு ஒரு வருத்தமும் இல்லன்னு சொல்லச் சொன்னாங்க, உங்க மேல கோவமே இல்லையாம். இவ்வளவு நீளம் அம்மாவுக்குப் பேச மூச்சு ஏது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், ஒவ்வொன்றாகப் போட்டாள். மூன்றாவது கோட்டைத் தொடுகிற காம்பு ஒன்றுகூட இல்லை.

மேலே கரைப்பான் குறைந்துகொண்டு வந்தது, ஊற்ற வேண்டும். ஊற்றலாம். சாரின் அறையில் ஒரு நாள், அம்மா நன்றாக இருந்தபோது, உயிரியல் பிரிவுக்காரர் ஒருவர் வந்து, இவர்கள் செய்து அனுப்பிய முதல் மருந்துக்கு என்ன ஆயிற்று என்று படம் போட்டுக் காட்டினார். கொஞ்சமாகக் கொடுத்தபோது வேலை செய்தது. கூட்டினார்கள், இன்னும் நன்றாகச் செய்தது. இன்னும் கூட்டினார்கள். ஏறிக்கொண்டே வந்த கோடு மேடேறி நின்று மறுபக்கம் கீழே இறங்கிவிட்டது, பழைய இடத்துக்கே, மருந்தே கொடுக்காத இடத்துக்கே. ஜெபசெல்விதான் கேட்டாள், அதெப்படி, கூடக் கொடுத்தா கூடத்தானே வேலை செய்யணும்? அவர் சிரித்துக்கொண்டே பலகையில் வரைந்தார். ஒரே ஒரு சங்கிலி இருந்தால் அதன் இரண்டு கையும் இரண்டு பேரைப் பிடிக்கும், சேர்த்துவைக்கும். எங்கே பார்த்தாலும் சங்கிலியாக இருந்தால்? இவருடைய கையில் ஒரு சங்கிலி, அவருடைய கையில் இன்னொரு சங்கிலி. இருவர் கையும் நிறைந்துவிட்டது. இனி ஒருவரை ஒருவர் பிடிக்க யார் கையிலும் இடமில்லை. எங்கள் துறையில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு என்றார் அவர், பலன் போதவில்லை என்று நினைத்து இன்னும் அள்ளிக் கொட்டுவது. எல்லாரும் தலையாட்டினார்கள். சுகந்தியும் ஆட்டினாள். டீ வந்தது, குடித்தாள், பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா, "பாப்பா, டிவி சத்தத்தக் கொறைக்கச் சொல்லு," என்றார், கொஞ்சம்கூட யோசிக்காமல் உள்ளே போய்ச் சொன்னாள். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். படம் கண் முன்னால் இருந்தது, படித்த படிப்பு இருந்தது, சொல்லாமல் இருந்திருக்கலாம், நீங்களே சொல்லுங்கப்பா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை.

அம்மா விரலால் மாஸ்க்கைத் தூக்கினாள். வேண்டாம் என்று எத்தனை தடவை திரும்பினாலும் வந்து நிற்கிறது. மத்தியானம், ஜன்னல் திரைக்கு அந்தப்பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, நுரையீரலில் நீர் கோத்து அம்மாவின் விலா ஏறி ஏறி இறங்கியது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள், அது எப்போதும் சுகந்திதான், அதைப்பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. அப்பா வெளியே வராந்தாவில் இரும்பு நாற்காலியில். அறைக்குள் வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், அதற்கென்று ஒரு தட்டு வைத்திருந்தார்கள், அதில் இவளுடைய செருப்பு மட்டும் கிடக்கும். அம்மா மாஸ்க்கைத் தூக்கிச் சொன்னாள்: "அவரக் கூப்புடு." உங்கப்பா என்று சொல்லவில்லை. இத்தனை வருஷமும் உங்கப்பா, உங்கப்பா. அன்றைக்கு அவர். அந்த ஒரு சொல்லுக்காவது இவள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதே என்ற பதற்றத்தில், எத்தனையோ ஆயிரம் தடவை வாயில் வந்து வந்து தேய்ந்த சொல் தானாக வந்தது: "நீ பேசாதம்மா. எங்கிட்ட சொல்லு, நான் சொல்லிக்கறேன்." அம்மா அவளையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு பூவைக் கையில் எடுத்து, எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொண்டு, போடுவதற்கு முன்னால் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். அப்புறம் மாஸ்க்கை இறக்கிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. வுடு." கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குப்பின் டாக்டர்கள், ஊசி, மயக்கம், மறுநாள். சுகந்தி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தாள். அப்பா நாற்காலியில் இல்லை. கதவுக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக நின்றிருந்தார். "தூங்கறாங்கப்பா," என்றாள். அவர் தலையாட்டினார். வெறும் காலோடு நின்றிருந்தார். மொசைக் தரை, ஏசி குளிர், அந்தக் குளிரில் வெறும் கால், பெருவிரல் மட்டும் மடங்கியிருந்தது. கால் வலிக்காகக் கழற்றியிருப்பார் என்று நினைத்தாள், கேட்கவும் இல்லை. தட்டில் அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் அவருடையதும் இருந்தது. ஜோடியாக. வாசலைப் பார்த்து.

வாசலைப் பார்த்து. உள்ளே போகிறவர்கள்தான் அங்கே கழற்றுவார்கள். வராந்தாவில் உட்காருகிறவர் எதற்குக் கழற்ற வேண்டும்? கதவு முழுசாகச் சாத்தாது, நர்ஸ் எட்டிப் பார்க்க ஒரு சாண் திறந்தேதான் கிடக்கும். மாஸ்க்கைத் தூக்கிவிட்டுத்தான் அம்மா சொன்னாள், தோட்டத்தில் பேசிப் பழகிய குரல், மூச்சு வாங்கினாலும் கேட்கிற குரல். அவரக் கூப்புடு. அப்பா எழுந்திருக்கிறார். வேட்டியைச் சரி பண்ணியிருப்பார். செருப்பைக் கழற்றி, ஒழுங்காக வைத்து, கதவருகில் வந்து நின்று, மகள் வெளியே வந்து கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறார். அந்த வீட்டில் அம்மாவின் சொல் எதுவும் வேறு வழியாக அவருக்கு வந்ததில்லை. மகள் வந்தாள். தூங்கறாங்கப்பா. காலையில் பஸ் முக்கில் அவர் கேட்டது, அம்மா எதுனா சொன்னாளா என்று இல்லையே. அப்புறம் எதுனா சொன்னாளா. அப்புறம். என்னைக் கூப்பிடச் சொன்னதற்கு அப்புறம். கூப்பிடாமலே ஏன் விட்டாள், என்ன நினைத்து மனசை மாற்றிக்கொண்டாள் என்று, அன்றிலிருந்து, அந்த மனுஷன், டப்பா டப்பாவாகத் திறந்து முகர்ந்துகொண்டு.

"ஏட்டி காஞ்சிட்டு! சுகந்தி!" ஜெபசெல்வி பாய்ந்து வந்து திருகை மூடினாள். குழாயின் தலையில் ஒரு சொட்டுக் கரைப்பான் இல்லை, வெள்ளைப் பொடி காய்ந்து, நடுவில் குறுக்காக முடி மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. காய்ந்த பொடியில் சரக்கு எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, எல்லாம் ஒன்றோடொன்று கலந்திருக்கும். ஜெபசெல்வி இவள் முகத்தைப் பார்த்தாள். "சரி, சரி. சிலிக்காவ வெளிய எடுத்துக் கழுவி, மறுக்க ஒருக்கா போட்டாப் போச்சு. அது எங்கயும் போயிராது. நான் பாத்துக்கிடுதேன். நீ போ ஏட்டி, முகத்தக் கழுவு." கையுறையை உரித்துப் போட்டுவிட்டு சுகந்தி வெளியே வந்தாள். லேபுக்குள் போன் கூடாது, தாழ்வாரத்து அலமாரியில்தான் பூட்டி வைத்திருப்பார்கள். பூட்டைத் திறந்து போனை எடுத்தாள். சாயங்காலம் என்று சொன்னோமே, முகம் பார்த்துச் சொல்லலாமே என்று ஒரு மனசு. முகம் பார்த்தால் பொய் வந்துவிடும், பழகிய வாய், என்று இன்னொரு மனசு. எண்ணைத் தட்டினாள்.

"இன்னா பாப்பா, சாப்ட்டியா? உப்பு போட்டேனா இல்லியான்னே தெரில," என்றார் எடுத்ததுமே. "அப்பா." "ம்." "அன்னிக்கி அம்மா உங்களக் கூப்பிடச் சொன்னாங்க. நான் கூப்பிடல." அந்தப்பக்கம் தெருவில் யாரோ காய்கறி விற்றுக்கொண்டு போகிற சத்தம் வந்து, தேய்ந்து, போயிற்று. "தெரியும் பாப்பா," என்றார். "செருப்பக் கழட்டிட்டுதான் நின்னேன்." "ஏன்ப்பா நீங்களே உள்ள வரல?" "பழக்கமில்லியே," என்றார். திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை. பிறகு அவர், தயங்கித் தயங்கி, "எதுக்குக் கூப்ட்டாளாம்?" என்றார். காலையிலிருந்து செய்து வைத்த அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்து வரிசையாக நின்றது, சின்னது, நடுத்தரம், நீளம். ஒன்றை எடுத்துக் கொடுத்தால் போதும், இந்த மனுஷன் அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவார். "தெரியாதுப்பா," என்றாள். "எங்கிட்ட சொல்லல. எங்கிட்ட சொல்றதுக்குக் கூப்பிடல." பிறகு சொன்னாள்: "நீங்களே கேளுங்கப்பா." "யார?" "அம்மாவ." கூடத்தில், டிவிக்கு மேலே, அம்மா படத்துக்கு விளக்கு வைத்திருக்கிறது. அவர் காலையில் எண்ணெய் தேடியது அதற்காகவும்தான். பைத்தியமா உனக்கு என்பார் என்று காத்திருந்தாள். அவர் போனைக் கட் பண்ணவில்லை. எதன் மீதோ அதை வைக்கிற டொக் சத்தம் கேட்டது. நடக்கிற சத்தம், நாலடி. நாற்காலியை இழுக்கிற சத்தம். ஒரு செருமல், இன்னொரு செருமல்.

"ரத்னா," என்றார்.

அந்தக் குரலில் அந்தப் பெயரை அவள் கடைசியாகக் கேட்டது ஆறாவது படிக்கும்போது.

"ரத்னா, நான்தான். கேக்கறேன், சொல்லு."

வழக்கம்போல, ஒரு சொல் விடாமல் பிடித்துக்கொள்ள, சுகந்தி போனைக் காதோடு சேர்த்து இறுக்கினாள். அப்புறம் காதிலிருந்து எடுத்து, கட் பண்ணினாள்.